வெளிறிய பழைய வண்டி: காம்பவுண்டா, கிளியர் கோட்டா, முழு பெயின்டா?

வேலூர் வெயிலில் நிற்கும் பழைய மாருதி 800-லோ அம்பாசடரிலோ முதலில் போவது ரூஃபும் பானெட்டும்தான். கதவுகள் ஓரளவு தப்பிக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ‘முழுசா அடிச்சிடலாம் சார்’ என்பார்கள். பல வண்டிகளுக்கு அது தேவைப்படாது. எது தேவை என்பது வண்டியின் வயதைப் பொறுத்ததல்ல, மேலே இருக்கும் படலம் எது என்பதைப் பொறுத்தது.

அதைப் பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஈரமான வெள்ளைத் துணியால் பானெட்டின் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். வண்டியின் நிறம் துணியில் ஒட்டினால் அது கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத ஒற்றைப் பூச்சு. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி எடுக்க வேண்டும். மெட்டாலிக் நிறம் என்றால் மேலே கிளியர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் பழைய நிறம் தெரிந்தால் பாலிஷில் மீளும். நனைந்த பிறகும் ஓரம் கிழிந்த திட்டுகளாக வெள்ளை தெரிந்தால் கிளியர் செத்துவிட்டது. அதை எந்த மெஷினாலும் எழுப்ப முடியாது. இடையில் டிங்கரிங் பார்த்த வண்டியில் ஒவ்வொரு பேனலும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்பதால் தனித்தனியாகச் சோதிப்பது நல்லது.

எண்ணெய், டீசல், பற்பசை

வெளிறிய இடத்தில் தடவும் தேங்காய் எண்ணெய் பளபளப்பது தண்ணீர் பளபளப்பது போலத்தான். வெயிலில் பிசின் சிதைந்து உண்டான நுண்குழிகளை நிரப்புவதால் ஒளி சிதறாது. ஓரிரு நாளில் எண்ணெய் போய்விடும், அதற்குள் புழுதியை வாரிக்கொள்ளும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது, துடைத்து எடுக்காத எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடங்களில் பெயின்ட் வட்டவட்டமாக விலகி ‘மீன்கண்’ விழும். டீசலும் அப்படியே. பற்பசையை ஹெட்லைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைத் தேய்ப்பா, மெஷினா

சேத்தக், டி.வி.எஸ். 50 போன்றவற்றின் வளைவுகளுக்குக் கையே சிறந்தது. மஞ்சள் துணி, ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை), சிறு சிறு பகுதியாக நேர்க்கோட்டுத் தேய்ப்பு. கார் ரூஃபுக்குக் கை தாங்காது. தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் திட்டாகத் தெரியும்.

பாலிஷ் மெஷினில் ரோட்டரியும் டி.ஏ.யும் (டூயல் ஆக்‌ஷன்) உண்டு. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். கம்பளிப் பேடு போட்டால் சுண்ணாம்பு பூத்த படலத்தை வேகமாக எடுக்கும், அதே வேகத்தில் பெயின்ட்டையும் எரிக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் காம்பவுண்டைப் பரப்பி 1000 முதல் 1200 வரை ஏற்றினால் போதும். இரண்டடிக்கு இரண்டடி பகுதி, நான்கைந்து முறை. உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டிய சூடு வந்தால் நிறுத்துங்கள். பேனல் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். முதலில் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அதனால் சீக்கிரம் கருகும்.

சில இடங்களில் நாலு இஞ்ச் கிரைண்டரிலேயே பஃபிங் வீலை மாட்டிவிடுகிறார்கள். அது 11,000 சுற்று ஓடும் மெஷின். வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

டி.ஏ. சுற்றிக்கொண்டே ஆடும் என்பதால் சூடு ஓரிடத்தில் குவியாது. புதிதாகச் செய்பவருக்கும் அடங்கும். கனத்த வெளிறலுக்கு இரட்டை நேரம் பிடிக்கும். இரண்டும் இருந்தால் முதல் வெட்டுக்கு ரோட்டரி, முடிப்புக்கு ஃபோம் பேடோடு டி.ஏ. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டி.ஏ.யையே வாங்குங்கள். ஒற்றைப் பூச்சில் செத்த பெயின்ட் பேடை அடைத்துக்கொள்ளும். ஒரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஒரு காருக்கு நான்கைந்து பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கழுவுவதுதான் இங்கே பெரிய வேலை. போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில் சில நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். கடைசி அலசலுக்கு ஒரு கேன் தண்ணீர் தனியாக இருக்கட்டும். காட்பாடி, அரக்கோணம் போல ரயில் பாதையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் இரும்புத்தூள் பதிந்து சொரசொரக்கும். அதை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் போடாமல் பாலிஷ் செய்தால் அதே தூள் கீறும். நேரம் காலை எட்டு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. சூடான தகட்டில் காம்பவுண்ட் காய்ந்து மாவாகிவிடும்.

2000, 3000 வாட்டர் பேப்பர் தேய்ப்பு ஆசை காட்டும். கம்பெனி கிளியரின் தடிமன் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விடக் குறைவு. தடிமன் அளக்கும் கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கிளியர் மட்டுமா, பேனல் முழுதுமா

உரிந்த இடத்தில் கிளியரை மட்டும் அடிப்பது மலிவாகத் தோன்றும். அடியில் இருக்கும் நிறமும் வெளுத்திருப்பதால் திட்டு அப்படியே தெரியும், பழைய ஓரத்திலிருந்து மறுபடி உரியும். சுண்ணாம்பு பூத்த ஒற்றைப் பூச்சின் மேல் கிளியர் அடித்தால் தகடாகவே கழன்று வரும். சரியான வழி, உறுதியான ஓரம் வரை 320, 400 நம்பர் பேப்பரில் தேய்த்து, பிரைமர் சர்ஃபேசர் அடித்து, 800-ல் சமன் செய்து, நிறமும் கிளியரும் அடிப்பதுதான்.

அதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடையுங்கள். கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், சுருங்கினால் எனாமல். இரண்டின் மேலும் நேராக 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால் அடிப்பூச்சு சுருண்டு எழும்பலாம்.

முழு பெயின்ட் என்றால் மாதமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. வெள்ளை பூக்கும். மே மாதத்தில் வேகத் தின்னர் போட்டால் பெயின்ட் துளி தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரக்கும். மெதுவாகக் காயும் தின்னர் கேளுங்கள். ஹார்டனர் டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான், கண் அளவு அல்ல. 2கே ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர் வாயில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வண்டியில் டி.என். 23 இருந்தாலும் வீடு ராணிப்பேட்டை என்றால் எந்த ஆர்.டி.ஓ. என்று கேட்டுக்கொண்டு போங்கள்; 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது.

ஒற்றைப் பூச்சு வண்டிக்கு எங்கள் தேர்வு மெஷின் பாலிஷ், மேலே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. கிளியர் உரிந்த மெட்டாலிக்குக்கு உரிந்த பேனலை மட்டும் அடித்தால் போதும். புதுப் பூச்சுக்கு ஒரு மாதம் மெழுகு வேண்டாம், அது மூச்சு விடட்டும். வண்டிக் கவர் போடுபவர்கள் கழுவிய வண்டிக்கு மட்டும் போடுங்கள். புழுதியோடு மூடினால் காற்றில் ஆடும் கவரே உப்புத்தாள் ஆகிவிடும்.