பால்சா கிட்டுக்கு குளோ இன்ஜினா, எலக்ட்ரிக்கா?

பால்சா மரத்துல செய்யுற ரிமோட் மாடல் பிளேன் கிட், பிளான் குளோ இன்ஜினுக்கு (எண்ணெய் கலந்த மெத்தனால்ல ஓடுற குட்டி இன்ஜின்) வரைஞ்சது, எலக்ட்ரிக்கா மாத்தலாமா வேணாமான்னு முழிக்கிறவங்களுக்கு இது.

வேலை: குளோன்னா பிளான்படி ஒட்டிட்டே போகலாம். எலக்ட்ரிக்னா மோட்டாரை முன்னாடி தள்ளி மாட்டணும், பேட்டரி மாத்த ஒரு மூடி வெட்டணும், காத்து உள்ள வர்ற ஓட்டையை விட வெளிய போற ஓட்டை பெருசா இருக்கணும், இல்லன்னா ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) கொதிச்சிடும்.

பேலன்ஸ்: மோட்டார் லேசுதான், ஆனா லிப்போ பேட்டரியை முன்ன பின்ன நகர்த்தியே சரி பண்ணிடலாம், பெரும்பாலும் எடைக்கு ஈயம் தேவைப்படாது.

ஆயுள்: குளோ எண்ணெய் ஃபயர்வால்ல (இன்ஜின் மாட்டுற முன்பக்கப் பலகை) ஊறி பால்சா நமுத்த பிஸ்கட் மாதிரி ஆயிடும், என் முதல் பிளேன் அப்படித்தான் போச்சு (எபாக்சி பூசாத சோம்பேறித்தனம்). எலக்ட்ரிக்ல பிசுக்கே இல்ல.

நேரம்: டேங்க் நிரப்ப 1 நிமிஷம், லிப்போ 1சி-ல (பேட்டரி கொள்ளளவுக்குச் சமமான கரண்ட்ல) சார்ஜ் ஏற 1 மணி நேரம்.

நாள் பூரா பறக்கணும், சத்தமும் பிடிக்கும்னா குளோ. சாயங்காலம் அரை மணி நேரம் அமைதியா பறக்க எலக்ட்ரிக்தான், ஆனா ஃபியூசலாஜ் (பிளேனோட உடம்பு) மூடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.