பிராம்ப்டன் ஜூம் பஸ்: வேகம் எங்கே, தாமதம் எங்கே

கனடாவின் பிராம்ப்டனில் 2010இல் குயீன் தெருவில் தொடங்கிய ஜூம், விரைவுப் பஸ் என்று பெயர் பெற்றாலும், நகருக்குள் பெரும்பாலும் கார்களோடு அதே பாதையில்தான் ஓடுகிறது. நேரம் மிச்சமாவதற்குக் காரணம் நிறுத்தங்கள் குறைவாக இருப்பதும், சிக்னலில் கிடைக்கும் முன்னுரிமையும்தான்.

குயீன் தெருவில் ஓடும் 501 எண் ஜூம் பஸ்ஸில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பக்கத்து நகரான வானின் (Vaughan) எல்லைக்குள் நெடுஞ்சாலை 7இன் ஒரு பகுதியில் சாலை நடுவே பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை. அங்கே நெரிசல் தொடாது. குயீன் தெருவில் அது இல்லாததால் மாலையில் ஒரு பஸ் சிக்கினால் அடுத்தது அதன் வாலைப் பிடித்தபடி வரும். முன்னால் வருவது நிரம்பி வழிந்தால் ஏறாதீர்கள், பின்னால் வருவதில் இடம் இருக்கும். தனிப்பாதை போடாமல் இதற்கு விடிவில்லை.

எண்ணுக்குப் பக்கத்திலுள்ள எழுத்தையும் பாருங்கள்: 501ஏ நெடுஞ்சாலை 407 வழியாகச் சுற்றிவிடும், இடைப்பட்ட நிறுத்தங்களுக்கு உதவாது.

கட்டணம் சாதாரண பஸ்ஸுக்கு உள்ளதேதான். பிரெஸ்டோ என்ற பயண அட்டையை ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். 2024 பிப்ரவரி முதல் டொராண்டோ சப்வேக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே அட்டையைத் தட்ட வேண்டும். பஸ்ஸில் பிரெஸ்டோ, சப்வேயில் வங்கி அட்டை என்றால் இரண்டு கட்டணம் பிடித்துவிடும்.