நின்று கேட்பதா, புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதா?

ப்ராம்ஸ், கிளைண்ட்போர்ன் இரண்டுமே இங்கிலாந்தின் கோடைக்கால மேற்கத்திய செவ்வியல் இசை விழாக்கள்தான், வாசல்தான் வேறு. 1895-இல் லண்டன் குயின்ஸ் ஹாலில் இசைக்குழு நடத்துநர் ஹென்றி வுட் நடத்தத் தொடங்கிய ப்ராம்ஸ், குறைந்த கட்டணத்தில் சாமானியரையும் உள்ளே விட்டது. 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்த அரங்கம் எரிந்துபோக, கச்சேரி ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறியது. இன்றும் மேடைக்கு நேர் எதிரே இருக்கும் இடம் நின்று கேட்பவர்களுக்குத்தான். அதற்குத்தான் டிக்கெட்டும் மலிவு, வேடிக்கையைப் பாருங்கள்!

கிளைண்ட்போர்ன், ஜான் கிறிஸ்டி 1934-இல் தன் சசெக்ஸ் மாளிகையில் தொடங்கிய ஆப்பரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) விழா. நீண்ட இடைவேளையில் கோட்டும் கவுனுமாகப் புல்வெளியில் விரிப்பைப் போட்டு, கூடையைத் திறந்து சாப்பிடுவார்கள். பாட்டு உயர்தரம், மறுக்கவில்லை. ஆனால் பையில் காசு குறைவு, காலில் தெம்பு உண்டு என்றால் என் ஓட்டு ப்ராம்ஸுக்கே.