மணி இலைத் தொகுப்பு: கம்பிக்கு நன்று, நூலுக்கு அன்று

சிறு கண்ணாடி மணிகளைக் கோத்து நகைக்கான இலைகள் செய்வதற்கென்றே விற்கப்படும் தொகுப்பு ஒன்றை வாங்கி, இரண்டு மாதங்களில் 17 இலைகள் செய்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். 11/0 அளவு உருண்டை மணிகள் இரண்டு வகைப் பச்சையிலும் ஒரு பொன்னிறத்திலும் இருந்தன. விளிம்புக்கென 15/0 அளவில் இன்னும் சிறிய மணிகளும் தந்திருந்தார்கள். (எண் ஏற ஏற மணி சிறுக்கும், 11/0 என்பது சுமார் 2 மில்லிமீட்டர், 15/0 என்பது சுமார் 1.5 மில்லிமீட்டர்.) இவற்றோடு ஒரு கண்டு நைலான் நூல், 12-ஆம் எண் ஊசிகள் இரண்டு, 0.3 மில்லிமீட்டர் செம்புக் கம்பிச் சுருள், வளையங்கள், காதுக் கொக்கிகள், மூன்று இலை வடிவங்களை விளக்கும் கையேடு ஆகியவை பெட்டியில் இருந்தன. மூன்று வடிவங்களில் ஒன்று மிக நன்றாக வந்தது, ஒன்று குறை சொல்ல முடியாதபடி வந்தது; பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டு என்னை வாங்கத் தூண்டிய மூன்றாவது வடிவமோ, பெட்டிக்குள் இருக்கும் பொருள்களைக் கொண்டு ஒருபோதும் படத்தில் உள்ளதுபோல் வராது.

நன்றாக வந்தது பிரெஞ்சு முறைக் கம்பி இலை. மணிகளை முன்கூட்டியே சுருள் கம்பியில் கோத்துக்கொண்டு, நடுநரம்பாக நிற்கும் ஒரு நேர்க்கம்பியில் சில மணிகளை நிறுத்தி, மணி கோத்த கம்பியை அதன் இருபுறமும் மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி வரிசைகளை அகலப்படுத்துவதே இம்முறை. இலையின் முகம் எப்படி அமையும் என்பது நுனியில் கம்பி திரும்பும் கோணத்தைப் பொறுத்தது: நேர்க்கம்பிக்குச் செங்குத்தாகத் திருப்பினால் நுனி உருண்டுவிடும், 45 பாகை சாய்த்து ஏற்றித் திருப்பினால் கூராகும். கையேட்டின் படங்கள் இந்த ஓரிடத்தில் மிகத் தெளிவாக இருக்கின்றன. முதல் இலையிலேயே எனக்குக் கூரான நுனி கிடைத்தது. ஆனால் சுருளிலிருந்து கம்பியை வெட்டக் கூடாது என்பதை அவர்கள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை மணிகள் தேவைப்படும் என்பதை முன்கூட்டிக் கணிப்பது கடினம். கம்பியை வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கியவருக்கு, கடைசி வரிசைக்கு ஏழெட்டு மணிகள் குறையும்போதுதான் அந்தத் தவறு புரியும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. கம்பியைப் பற்றி ஒரு சொல்: வளைத்தால் வளைந்தபடி நிற்கிறது, ஆனால் ஒரே இடத்தில் பலமுறை முறுக்கினால் முறிகிறது. ஆகவே திருத்தங்களைக் கை நிதானமாகச் செய்ய வேண்டும். செய்து முடித்த இலையைச் சற்று வளைத்துக் காற்றில் திரும்பியதுபோல் வடிவம் கொடுக்க முடிவது நூல் இலைக்கு வாய்க்காத அழகு. தலைச்சீப்புக்கும் உடையில் குத்தும் அலங்கார ஊசிக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

செங்கல் அடுக்குத் தையலில் வரும் சாய்சதுர இலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முந்தைய வரிசையில் அடுத்தடுத்த மணிகளுக்கு இடையே உள்ள நூல் பாலத்தின் அடியில் ஊசியை விட்டுத்தான் புதிய மணியைக் கோக்கிறோம். ஐந்து மணிகளுக்கு இடையே நான்கு பாலங்களே இருப்பதால் ஒவ்வொரு வரிசையும் தானாகவே ஒரு மணி குறைந்து கூராகிவிடும். தொடங்குபவர்களுக்கு இது எளிது. ஆனால் பார்ப்பதற்கு இலை என்பதைவிடப் பட்டம் என்றே தோன்றுகிறது.

சிக்கல் ரஷ்ய இலையில் இருக்கிறது. ஒரு மணி விட்டு ஒரு மணியில் ஊசி நுழைந்து செல்லும் பெயோட் தையலைச் சாய்வாகக் கொண்டுபோவது இது. நடுநரம்புப் பக்கம் ஒவ்வொரு திருப்பத்திலும் மணிகள் கூடுகின்றன, விளிம்புப் பக்கம் குறைகின்றன. அதனால் பட்டை சரிந்து, உண்மையான இலையின் கிளை நரம்புகளைப்போல் கோடுகள் சாய்வாக ஓடுகின்றன. ஒரு பாதி முடிந்ததும் மறுபாதியை அதன் நரம்போடு இணைத்தபடியே தைத்து வர வேண்டும். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் அமைந்தால்தான் இலை. இல்லாவிட்டால் அது முறுக்கிய துணித்துண்டு. தொகுப்பில் உள்ள உருண்டை மணிகளோ சீரானவை அல்ல. ஒரே பொட்டலத்தில் தட்டையானவை, தடித்தவை, துளை ஓரத்தில் இருப்பவை எல்லாம் கலந்து கிடந்தன. கம்பி இலையில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் அங்கே மணிகள் கம்பியில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. இங்கேயோ ஒரு தடித்த மணி பக்கத்து மணியைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, எட்டாவது வரிசைக்குள் சாய்வே மாறிவிடுகிறது. ஆறு இலைகள் செய்தேன். நான்கின் இரு பாதிகள் பொருந்தவில்லை.

குறை என் கையிலா பொருளிலா என்று அறிய, அதே வரைபடத்தை ஜப்பானின் மியுகி நிறுவனத்தின் டெலிகா மணிகளால் செய்து பார்த்தேன். இவை உருளை வடிவம் கொண்டவை. 11/0 அளவில் குறுக்கே 1.6 மில்லிமீட்டரும் நீளத்தில் 1.3 மில்லிமீட்டரும் இருக்கும். சுவர் மெலிது, துளை பெரிது. முதல் முயற்சியிலேயே பாதிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இலை சிறிதாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்து வரிசைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எடையும் குறைகிறது: உருண்டை 11/0 மணிகள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 என்றால், டெலிகா ஏறத்தாழ 200. காதணிக்கு இது சிறு செய்தியல்ல.

மணிக்கு அடுத்தபடியாக நூலைக் குறைகூற வேண்டியிருக்கிறது. நைலான் இழுபடும் தன்மையுடையது. தைத்து முடித்த அன்று விறைப்பாக நின்ற இலை, ஒரு வாரம் தொங்கவிட்ட பின் நரம்பருகே இடைவெளி காட்டியது. நூலை முதலில் நன்றாக இழுத்துவிட்டு, தேன்மெழுகில் தடவிய பிறகு தைத்தால் குறை பாதியாகிறது என்பதைக் கண்டேன்; கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மீன்பிடிப்பதற்காகச் செய்யப்பட்டு மணி வேலைக்கும் வந்து சேர்ந்த ஃபயர்லைன் நூலில், 6 பவுண்ட் எடை தாங்கும் வகையைப் போட்டபோது தளர்வே இல்லை. அதன் கருஞ்சாம்பல் வகை விரலிலும் வெளிர்நிற மணிகளிலும் கறை ஒட்டுவதால், இளம்பச்சை இலைக்கு வெண்ணிற வகையை எடுப்பது நல்லது. நல்ல கத்தரிக்கோலை இதன்மீது வைக்காதீர்கள், வாய் மழுங்கிவிடும்.

பொன்னிற மணிகள் ஏமாற்றம் தந்தன. நடுநரம்புக்கென வைத்திருந்த அவை, பத்து நாள் அணிவதற்குள் உடலில் படும் இடங்களில் பூச்சு உரிந்து மங்கலாயின. உலோகப் பூச்சுள்ள மலிவான மணிகளுக்கு இது வழக்கம்தான் என்றாலும், நகைக்கென்று விற்கும் தொகுப்பில் பூச்சு நிலைக்கும் மணிகளை வைத்திருக்க வேண்டும். வாங்கியவர்கள் நான்கைந்து மணிகளை அசிட்டோனில் சற்று ஊறவைத்துத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம். பச்சை மணிகள் இந்தச் சோதனையில் தேறின. 15/0 மணிகளும் அப்படியே. ஆனால் 15/0 மணிக்குள் மூன்றாம் முறை ஊசி நுழையும்போது தடுத்தால் வலிந்து தள்ளக் கூடாது. கண்ணாடி வெடித்து, அந்த ஒரு மணிக்காக ஒரு வரிசை முழுவதையும் பிரிக்க நேரிடும்.

கடைசியாக வளையங்கள். கொடுத்திருப்பவை வாய் திறந்த வகை. எவ்வளவு நெருக்கி மூடினாலும் மெல்லிய நூல் அந்த இடுக்கு வழியே நழுவிவிடுகிறது. காம்பில் 15/0 மணிகள் ஏழை வட்டமாகத் தைத்து, அந்த மணி வட்டத்தில் வளையத்தை மாட்டினால் நூல் வாயருகே வராது. அப்படி மாட்டிய என் முதல் காதணியில் இலை முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முந்தையதற்குக் குறுக்காகத் திரும்பும் என்பதால், இடையில் இன்னும் ஒரு வளையத்தைச் சேர்த்ததும் முன்பக்கம் திரும்பிவிட்டது. கம்பி இலைக்காக மட்டும் இந்தத் தொகுப்பை மறுபடியும் வாங்குவேன். ரஷ்ய இலை செய்ய விரும்புகிறவர்கள் மணியையும் நூலையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.