சாலை விபத்துப் பதிவு: இ-டாரா, எக்செலா, பழைய முறையா?

பக்கத்து மாவட்டத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைப் போலவே பொறியியல் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறவர். போன வாரம் போன் செய்தார். அங்கே காவல்துறையினர் விபத்துத் தரவை அலசித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். "எதை வைத்துத் தொடங்கட்டும்?" என்றார். நாங்கள் 3 ஆண்டுகளாக மாணவர்களோடு இதே வேலையைச் செய்துவருகிறோம், நடுவில் ஒரு முறை வழியையும் மாற்றிக்கொண்டோம். போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு கூடும்போது, விபத்து திரும்பத் திரும்ப நடக்கும் இடங்களின் பட்டியலைக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. மத்திய அரசு 2022-க்கு வெளியிட்ட கணக்கில் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், எல்லா மாநிலங்களையும்விட அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். படித்தால் மனம் கனக்கிறது. ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு சாலையின் நடுத்தடுப்பில் விட்ட ஒரு மீடியன் திறப்பைக்கூட அடைக்க முடியாது. எந்தத் திறப்பு என்று கைகாட்டினால்தான் அடைப்பார்கள்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது ஆர்.ஏ.டி.எம்.எஸ். உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில் வந்த விபத்துத் தரவு மென்பொருள். காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை மூன்றும் ஒரே தரவைப் பார்க்கலாம், வரைபடத்தில் புள்ளி வைக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பல மாநிலங்கள் விபத்தை வெறும் எண்ணிக்கையாக வைத்திருந்தபோது நம்மிடம் அது இருந்தது. பழைய ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இன்றும் அந்தத் தரவு மதிப்புள்ளது. புதிதாகத் தொடங்குகிறவர் அதை எடுத்துக்கொள்ளக் காரணம் இல்லை, அதனால் மேலே போகிறேன்.

இரண்டாவது, நாங்கள் தொடங்கிய வழி. எஃப்.ஐ.ஆர். நகல்களைப் படித்து, விவரங்களை எக்செலில் ஏற்றி, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குவது. க்யூஜிஐஎஸ் இலவசம். அடித்தளமாக வைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடமும் இலவசம். விபத்து நெருக்கத்தை நிறமாகக் காட்டும் ஹீட்மேப்பும் அதில் உண்டு, நெருங்கிய புள்ளிகளைக் கொத்தாகப் பிரிக்கும் கருவியும் உண்டு. மாணவர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். எங்கள் முதல் ஆண்டு வரைபடத்தை அச்சடித்து மேசையில் விரித்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாவது இ-டார், மத்திய அரசின் விபத்துப் பதிவுத் தளம். சென்னை ஐ.ஐ.டி. வடிவமைக்க, தேசிய தகவலியல் மையம் நடைமுறைப்படுத்திய ஐராட் என்ற விபத்துத் தரவுத்தளத் திட்டத்தின் தொடர்ச்சி. ஐராட் முதலில் சோதனை முறையில் வந்த 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்துக்குப் போகும் காவலர் கைபேசிச் செயலியைத் திறந்து, இடம், படம், வாகன எண் எல்லாவற்றையும் அங்கேயே பதியலாம். வாகன எண்ணைப் போட்டால் வாகனப் பதிவுகள் இருக்கும் வாகன் தளத்திலிருந்தும், உரிம எண்ணைப் போட்டால் ஓட்டுநர் உரிமங்கள் இருக்கும் சாரதி தளத்திலிருந்தும் விவரங்கள் வந்து விழும். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு தனி எண் உருவாகி, மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் சாலைப் பொறியாளருக்கும் மருத்துவமனைக்கும் போகும்.

வெளிநாட்டுக் கருவிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உலக வங்கி உருவாக்கி, பிலிப்பைன்ஸில் முதலில் பயன்பட்ட டிரைவர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. பிரிட்டனின் டி.ஆர்.எல். நிறுவனத்தின் ஐமாப் இருக்கிறது. டிரைவரை நான் மாதிரித் தரவை வைத்துத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். ஐமாப்பைக் கையால் தொட்டதில்லை. அதனால் இரண்டையும் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன்.

சரி, முடிவுக்கு வருகிறேன். விபத்தைப் பதிவதற்கு இ-டார்தான். அலசுவதற்கு மட்டும் க்யூஜிஐஎஸ்ஸை விடாதீர்கள். இரண்டையும் போட்டியாகப் பார்த்து எஃப்.ஐ.ஆர்.–எக்செல் வழியிலேயே நாங்கள் ஓர் ஆண்டு ஓட்டினோம். அந்த ஓர் ஆண்டு உழைப்பில் பாதிக்கு மேல் வீண். காரணம் ஒன்றே ஒன்று: வரைபடத்தில் விபத்தின் புள்ளி எங்கே விழுகிறது என்பது.

எஃப்.ஐ.ஆர். படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பவ இடம் என்ற பகுதியில், காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். "தெற்கே 4 கி.மீ." என்று இருக்கும். கீழே முகவரியில் ஊர்ப் பெயரோ, ஒரு பெட்ரோல் பங்கோ, ஒரு விலக்கோ இருக்கும். வழக்கு நடத்த அது போதும், அந்தப் படிவம் அதற்காக உண்டானதுதான். ஆனால் 3.6 கி.மீ.யும் 4 ஆகும், 4.4 கி.மீ.யும் 4 ஆகும். நாங்கள் அதை அப்படியே வரைபடத்தில் ஏற்றியபோது முழுக் கிலோமீட்டர் தூரங்களில் புள்ளிகள் குவிந்து நின்றன. ஹீட்மேப் சிவப்பாக எரிந்த ஓர் இடத்துக்கு நேரில் போனோம். இரண்டு பக்கமும் வயல், நேர்ச் சாலை, குறுக்கே ஒரு பாதைகூட இல்லை. உண்மையில் விபத்து நடந்துகொண்டிருந்த இடம் அங்கிருந்து 400 மீட்டர் தள்ளி இருந்த மீடியன் திறப்பு. பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

400 மீட்டர் என்ன பெரிய பிழை என்று தோன்றலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கரும்புள்ளி என்று எதைச் சொல்கிறது பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், 3 ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். அளவுகோலே 500 மீட்டர். அதில் 400 மீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தால் ஒரு கரும்புள்ளி இரண்டாக உடைந்து, இரண்டுமே 5-ஐ எட்டாமல் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்த இடத்தில் அடுத்து அடிபடப் போகிறவருக்கு நம் வரைபடத்தின் அழகால் ஒரு பயனும் இல்லை.

இதை மாணவர்களுக்குத் தசம இலக்கத்தில்தான் விளக்குவேன். ஓர் அட்சரேகைப் பாகை சுமார் 111 கி.மீ. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதினால் துல்லியம் ஒரு கிலோமீட்டர் அளவில். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர். நான்கு என்றால் 11 மீட்டர். ஐந்து என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். திறந்த வானத்தின் கீழே சாதாரணக் கைபேசியின் ஜி.பி.எஸ். ஐந்து, பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். நான்குவழிச் சாலையில் எந்தப் பக்கம், சர்வீஸ் ரோடா மெயின் ரோடா என்று ஓரளவுக்குப் பிரித்துச் சொல்ல அது போதும். எஃப்.ஐ.ஆரை எத்தனை கவனமாகப் படித்தாலும் இந்தத் துல்லியம் வராது. அதில் இல்லாததை நாம் எப்படி எடுப்பது?

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இ-டாருக்கு மாறிய உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் தொகுப்பு கைக்கு வந்ததும் வரைபடத்தில் போட்டோம். ஒரு காவல் நிலையத்தின் வாசலிலேயே இருபதுக்கும் மேற்பட்ட விபத்துகள்! ஸ்பாட்டில் பதியாமல், ஸ்டேஷனுக்குத் திரும்பிவந்து பதிந்திருக்கிறார்கள். கைபேசி தான் இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டது. அங்கிருந்த ஏட்டையாவிடம் கேட்டேன். "நாங்க ஸ்பாட்ல அடிபட்டவங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்துவோமா, டிராஃபிக்கை விடுவோமா, போனை எடுத்துப் புள்ளி வைப்போமா சார்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இருட்டில், மழையில், இரண்டு பேர் மட்டும் நிற்கிற இடத்தில் வேறு எதைத்தான் முதலில் செய்வார்கள்?

இன்னொரு வகையும் இருக்கிறது. அடிபட்டவரை ஊர்க்காரர்களே ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் வந்து, மறுநாள் வாக்குமூலம் வாங்கி, அதன்பிறகுதான் வழக்கு. அந்த நேரத்தில் ஸ்பாட்டில் காவலரே இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எந்த வழக்காக இருந்தாலும் விசாரணை அதிகாரி பார்வை மகஜரும் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) ரஃப் ஸ்கெட்சும் தயாரிக்க ஒரு முறை ஸ்பாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அப்போது நின்று அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதையே பதிவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் காவல் அலுவலகத்தில் இதை ஏற்றுக்கொண்டார்கள். அதோடு நாங்களும் மாதம் ஒரு முறை, காவல் நிலையங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் 100 மீட்டருக்குள் விழுந்த புள்ளிகளை மட்டும் க்யூஜிஐஎஸ்ஸில் தனியே பிரித்து, ரஃப் ஸ்கெட்சோடு ஒப்பிடுகிறோம். ஸ்டேஷன் வாசலில் உண்மையாகவே விபத்து நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் அப்படியே அழித்துவிடக் கூடாது. இப்போது ஒரு மாதத்துப் பட்டியலைச் சரிபார்க்க அரை நாள் போதும். எக்செல் காலத்தில் அதே ஒரு மாதத்துக்கு எஃப்.ஐ.ஆர். படித்து ஏற்றவே ஒரு வாரம் ஆகும்.

இ-டாரில் பதிவு ஒழுங்காக நடக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த விரிவான அறிக்கையின் ஆங்கிலப் பெயரான டீட்டெயில்டு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் என்பதன் சுருக்கத்தைத்தான் இ-டார் தாங்கி நிற்கிறது. பழைய மென்பொருளில் ஏற்றிய தரவு புள்ளிவிவரத்துக்கு மட்டும் போனது. இதில் ஒரு குடும்பத்தின் இழப்பீடு தொங்குகிறது. மறுமுனையில் ஆள் காத்திருக்கும் படிவத்தை எவரும் அலட்சியமாக நிரப்புவதில்லை. தீர்ப்பாயத்தில் அதனால் வேகம் கூடியிருக்கிறதா என்பதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

மரணத்தைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம் என்பதே கணக்கு. முதலில் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகளில் (அஜாக்கிரதையாக ஓட்டுதல், காயம் விளைவித்தல்) பதிவான வழக்கு, பத்து நாள் கழித்து ஐ.சி.யூ.வில் ஒருவர் இறந்ததும், அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கான 106(1)-க்கு மாறும். நீங்கள் எக்செலில் ஏற்றிவைத்த வரிசைக்கு அது தெரியாது, அங்கே அவர் காயமடைந்தவராகவே இருப்பார். நாங்கள் முதல் ஆண்டில் இப்படிச் சிலரை விட்டுவிட்டோம். இறந்தவரைக் காயம் என்று எண்ணிவிட்டோமே என்று இன்றும் உறுத்துகிறது. இ-டாரிலும் ஸ்டேஷன் ரைட்டர் பார்த்து மாற்றினால்தான் மாறும். ஆனால் மாற்ற ஒரே இடம் இருக்கிறது, அதை எல்லாத் துறையும் பார்க்கிறது.

பிறகு ஏன் க்யூஜிஐஎஸ்ஸும் வேண்டும் என்றால், நெடுஞ்சாலைப் பொறியாளர் பேசுவது செயினேஜ் மொழி, அதாவது சாலையின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், மீட்டர் என்ற கணக்கு. "கி.மீ. 142/600 இடதுபக்கம்" என்று சொன்னால்தான் எஸ்டிமேட் போடுவார். இ-டாரிலிருந்து வந்த புள்ளிகளை நாங்கள் சாலையின் கோட்டோடு பொருத்தி, செயினேஜாக மாற்றிக் கொடுக்கிறோம். இரவு விபத்துகளை மட்டும், இருசக்கர வாகனங்களை மட்டும், திருவிழா வாரத்தை மட்டும் என்று பிரித்துப் பார்ப்பதும் நம் கையில் இருக்கும் மென்பொருளில் தாராளமாக முடிகிறது.

நகரத்துக்குள் இந்த முறை எப்படி வேலை செய்யும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலும் நான்குவழிச் சாலையும் கிராமச் சாலைகளும்தான். மேம்பாலத்துக்கு மேலேயா கீழேயா என்பதை ஜி.பி.எஸ். புள்ளி சொல்லாது, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே புள்ளி தடுமாறும். அங்கே காவலர் எடுக்கும் படங்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நண்பருக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். முதல் மாதத் தரவு வந்ததும் ஹீட்மேப் போடாதீர்கள். வெறும் புள்ளிகளாகப் போட்டு, ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலையும் பெரிதாக்கிப் பாருங்கள்.