கேலிபரேஷன் ஸ்டிக்கரை நம்பி பவர் மீட்டரைத் தூக்கிக் கொடுக்காதீங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேபிள், ஃபைபர் நெட் வேலை பாக்கறவங்களுக்காக எழுதறேன். பவர் மீட்டர்னா ஃபைபர்ல வர்ற லைட் எவ்வளவுன்னு அளக்கற கருவி; அது சரியாக் காட்டுதான்னு ஸ்டாண்டர்டு கருவியோட ஒப்பிட்டுப் பாக்கறதுதான் கேலிபரேஷன். கடை தேடி வந்து "கேலிபரேஷன் பண்ணித் தர்றோம் சார்"னு யாராவது மீட்டரைக் கேட்டா, கொஞ்சம் நிதானிச்சுக் கொடுங்க.

என் மீட்டர் ரீடிங் கம்மியா காட்டுதுன்னு சந்தேகம். அப்படி வந்த ஒருத்தர்கிட்ட அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தப்ப பின்னாடி பளபளன்னு ஒரு ஸ்டிக்கர், கூடவே லேமினேட் பண்ண சர்டிபிகேட். "மீட்டர் பக்கா சார், லைன்லதான் லாஸ்"னார். சரி, லைனைப் பாப்போம்னு காரிமங்கலம் ரூட்டுல ஜாயின்ட் பாக்ஸை ஒவ்வொண்ணா இறக்கி, நல்லா இருந்த ஸ்ப்ளைஸை (ஃபைபர் ஒட்டின இடத்தை) எல்லாம் வெட்டி மறுபடி அடிச்சோம். பசங்க வெயில்ல கம்பத்துல தொங்கினதுதான் மிச்சம். வீட்டுல வெக்கற சாதாரண ஜிபான் ஓஎன்யூ (ஃபைபர் நெட் பெட்டி) மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும்தான் தாங்கும், லைட் அதுக்கும் கீழ போனா நெட் நிக்கணும். மீட்டர் மைனஸ் 28 காட்டின வீட்டுல நெட் ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு!

அப்போ தப்பு மீட்டர்லதானோன்னு பாக்க, காவேரிப்பட்டணத்துல இருக்கற மாமா பையன் அவனோட மீட்டரைக் கொண்டு வந்தான். ஒரே லேசர் சோர்ஸ், ஒரே பேட்ச் கார்டு, மாத்தி மாத்திச் செருகிப் பாத்தோம். என்னோடது 2 டிபி கம்மி. அதாவது வர்ற லைட்டுல நூத்துக்கு 37 பங்கு கணக்குலயே வரல. அடாப்டரைக் கழட்டி டார்ச் அடிச்சா, டிடெக்டர் கண்ணாடி மேல எண்ணெய்ப் பிசுக்கு, அதுல தூசி அப்பிக் கிடக்குது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சதும் வித்தியாசம் 0.4க்கு இறங்கிடுச்சு.

அந்த 0.4க்கு நான் சண்டை போடல. இந்த மாதிரி மீட்டருக்குப் பொதுவா கம்பெனியே கூட்டியோ குறைச்சோ 5 சதவீதம்னுதான் போடறான். அது சுமார் 0.2 டிபி. ஒரு மீட்டர் மேலயும் இன்னொண்ணு கீழயும் போனா 0.4 வரத்தான் செய்யும். கனெக்டரைக் கழட்டி மாட்டினாலே கடைசி நம்பர் ஆடும்.

இப்ப அந்த சர்டிபிகேட்டுக்கு வாங்க. 1310, 1550 நானோமீட்டர்னு லைட்டோட ரெண்டு அலைநீளம்தான் இருக்கு. நமக்கு நெட் கீழ வர்றது 1490ல, அந்த வரியே காணோம். டிடெக்டர் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும், அதனால தனித்தனியாப் பாத்தே ஆகணும். ஸ்டாண்டர்டு ரீடிங்கும் என் மீட்டர் ரீடிங்கும் எல்லா வரியிலயும் அச்சு அசல் ஒண்ணு, எர்ரர் 0.00. அவ்வளவு பிசுக்கோட! அன்செர்ட்டனிட்டி (அளவு எவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்ங்கறது) போடற கட்டம் இல்ல, ரூம் டெம்பரேச்சர் இல்ல, எந்த ஸ்டாண்டர்டு கருவியோட ஒப்பிட்டாங்கன்னும் இல்ல. சீரியல் நம்பர்லயே ஒரு எழுத்து தப்பு.

போன் போட்டா, "மீட்டர்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் சார்"ங்கறார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவுன்னு சொல்றதுக்குத்தானேய்யா காசு வாங்கினே?

என்ஏபிஎல் (டெஸ்டிங், கேலிபரேஷன் லேபுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) அங்கீகாரம் இருக்குன்னு சொன்னா அதோட நிறுத்தாதீங்க, ஸ்கோப்பை, அதாவது எதெதை அளக்க அங்கீகாரம்னு கேளுங்க. தராசுக்கு அங்கீகாரம் வாங்கின லேப் ஃபைபர் பவருக்குச் செல்லாது. என்ஏபிஎல் வெப்சைட்லயே லேப் பேரைப் போட்டுப் பாக்கலாம்.

இன்னொண்ணு. டிவிக்கு 1550, நெட்டுக்கு 1490ன்னு ஒரே ஃபைபர்ல ஓட்டறவங்க சாதா மீட்டரை 1490ல வெச்சாலும் அது ரெண்டையும் கூட்டித்தான் காட்டும். அதுக்கு ஒவ்வொரு அலைநீளத்தையும் தனியாப் பிரிச்சு அளக்கற, பில்டர் வெச்ச பான் மீட்டர்தான் வேணும், எந்த கேலிபரேஷனும் அதைச் சரி பண்ணாது.

காசு இன்னும் திரும்பி வரல. அதே ஆள் இப்ப பாலக்கோடு, அரூர் பக்கமும் மீட்டர் வாங்கிட்டுப் போறதா கேள்வி. கொடுத்தவங்க சர்டிபிகேட்டுல சீரியல் நம்பரையும் 1490 வரியையும் இன்னிக்கே பாத்துடுங்க.