இன்சுலின் பெட்டிக்கு ஒரு லித்தியம் பற்றரி: பாவித்துப் பார்த்ததில் தெரிந்தவை

திருகோணமலை உப்புவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன மருந்துக் கடை. குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் இருக்கிறது. அது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது ஈய அமில பற்றரி ஒன்று வாங்கினோம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கடையின் பின்னறை போறணைதான். பற்றரித் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது, அடுத்த வருஷமே தாங்கும் நேரம் பாதியாகிவிட்டது.

2023 கடைசியில் லித்தியம் அயன் பாஸ்பேட்டுக்கு மாறினோம். 3.2 வோல்ட் செல் 16 சேர்ந்து 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி. கணக்குக்கு 5 யூனிட்டுக்கு (கிலோவாற் மணி) சற்று மேல். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போன அன்று, பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 5 ஐத் தாண்டவே இல்லை. எனக்கு அது போதும்.

குறை என்றால் உப்புக் காற்றுத்தான். வயர் நுனிகளில் பச்சை பூக்கிறது. துடைத்து வசலின் பூசினால் சரி. வெயில் படும் சுவரை விட்டு, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியோடு நிறுத்தியிருக்கிறோம். லித்தியத்துக்கும் சூடு ஆகாது.

இனி விலை. உலகச் சந்தையில் பற்றரித் தொகுதியின் சராசரி விலை 2023 இல் யூனிட்டுக்கு 139 டொலர், 2024 இல் 115, 2025 இல் 108 என்று புளூம்பேர்க் நியூ எனர்ஜி பினான்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குச் சொல்கிறது. வாகனத்துக்கல்லாமல் ஓரிடத்தில் வைத்துப் பாவிக்கும் ரகம் 2025 இல் 70 டொலருக்கு வந்துவிட்டது. லித்தியம் மலிந்ததும், சீனாவில் தேவைக்கு மேல் தொழிற்சாலைகள் கட்டியதும்தான் காரணம். ஆனால் அந்த 70 டொலர் அப்படியே திருகோணமலைக்கு வராது. கப்பல் கூலி, 2024 முதல் 18 வீதமான வற், டொலர் விலை, முகவரின் இலாபம், பூட்டுக்கூலி எல்லாம் மேலே ஏறும். இரண்டாவது பற்றரி போனவருஷம் வாங்கினபோது விலை இறங்கித்தான் இருந்தது, செல் இறங்கின அளவுக்கு இல்லை.

இப்போது காற்று மாறுகிறது. பற்றரி ஏற்றுமதிக்குச் சீனா திருப்பிக் கொடுத்துவந்த வரி 2024 டிசம்பரில் 13 வீதத்திலிருந்து 9 ஆனது. 2026 ஏப்ரலில் 6. 2027 ஜனவரியில் ஒன்றுமே இல்லை. உலகத்தின் பாஸ்பேட் செல்லில் பெரும்பகுதி அங்கேதான் செய்யப்படுவதால் அந்தச் சுமையில் ஒரு பங்கு எங்கள் பில்லில் விழும். அமெரிக்கா, சீனாவிலிருந்து வரும் வாகனத்துக்கல்லாத லித்தியம் பற்றரிக்கு 2026 ஜனவரி முதல் ஒரு வரியை 7.5 இலிருந்து 25 வீதமாக்கியிருக்கிறது. அங்கே விலைப்படாத சரக்கு வேறு நாடுகளைத் தேடும் என்பது என் ஊகம். கேள்விப்படாத பெயர்கள் கடைகளில் பெருகுவதைப் பார்க்கிறேன். மலிவு என்று பாய வேண்டாம். உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு, இங்கே திருத்த ஆள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பூட்ட வந்த தம்பி சொன்னதையும் சொல்கிறேன்: "அண்ணை, விலையை மட்டும் பாக்காதேங்கோ. பற்றரி இன்வேட்டரோட கதைக்குமோ எண்டு பாருங்கோ." பற்றரிக்கும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டருக்கும் தகவல் பரிமாற்றம் ஒத்துவராவிட்டால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று இன்வேட்டருக்குச் சரியாகத் தெரியாது. பாதி இருக்கும்போதே நிறுத்திவிடும்.

விலை இன்னும் விழுமா, காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மருந்து, மீன், ஐஸ் வைத்திருப்பவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டு மின்விசிறிக்கும் லைட்டுக்கும் என்றால் அவசரமில்லை. நாங்கள் மூன்றாவதை இந்த வருஷம் முடியமுன் அதே ரகத்தில் எடுக்கப்போகிறோம்.